கைதட்டல் யாருக்கு?

லண்டனில் புயல் அடித்தால் சென்னையில் என் நண்பர் ஒருவருக்குக் காபி ஆறிப்போகிறது. ஹீத்ரோ விமான நிலையத்துக்குப் பக்கத்தில் யாரோ ஒரு புண்ணியவான் காமிராவை நிறுத்திவைத்துக்கொண்டு, இறங்க வருகிற ஆகாய விமானங்களை ஒன்றன்பின் ஒன்றாக உலகத்துக்குக் காட்டிக்கொண்டிருப்பார். நண்பர் கைப்பேசியை மூக்குக்கு நேரே பிடித்தபடி உட்கார்ந்திருப்பார். விமானம் ஆடி அசைந்து, மூக்கு ஒரு திசை, போகிற வழி ஒரு திசையாக வந்து, பொத்தென்று சக்கரம் பதித்துவிட்டால், "சபாஷ்! இறக்கிட்டான் ஸார்!" என்பார். இறங்காமல் கடைசிக் கணத்தில் உறுமிக்கொண்டு மேலே போய்விட்டாலோ, சப்புக்கொட்டிவிட்டு, "ஹூம், பயந்துட்டான்" என்பார்.

என் வழக்கு இந்தக் கடைசி வார்த்தையைப் பற்றியது.

நண்பர் ஒருவர் மட்டும் சொல்கிற வார்த்தையாக இருந்தால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். 2022 பிப்ரவரி 18-ஆம் தேதி யூனிஸ் என்று பெயரிட்ட புயல் இங்கிலாந்தைப் புரட்டிப் போட்டது. வைட் தீவின் ஓரத்தில் உள்ள நீடில்ஸ் பாறைகளில் காற்றின் வேகம் மணிக்கு 122 மைல் என்று பதிவாயிற்று. இங்கிலாந்தில் அதற்கு முன் அப்படி ஒரு வீச்சை யாரும் அளந்ததில்லை. அன்றைக்கு ஜெர்ரி டையர் என்கிற மனிதர் தமது வேனின் கூரைமேல் நின்றுகொண்டு, 'பிக் ஜெட் டிவி' என்ற பெயரில் ஹீத்ரோவின் ஓடுபாதையை நேரடியாக ஒளிபரப்பினார். ஒரே சமயத்தில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கால்பந்து மைதானத்தில் நிற்கிறவர் மாதிரி அவர் விமானிகளை உற்சாகப்படுத்திக் கூவினார். மறுநாள் பத்திரிகைகளெல்லாம் அவரைப் பற்றியே எழுதின. அவர்மேல் எனக்குக் கோபமில்லை. விமானங்களை உள்ளபடி நேசிக்கிற மனிதர் என்பது குரலைக் கேட்டாலே தெரிந்துவிடும். கோபமெல்லாம், அந்தக் குரலைக் கேட்டுவிட்டு விமானம் இறங்குவதைக் கோல் போடுவது போலவும், இறங்காமல் ஏறிப்போவதைக் கோலைத் தவற விட்டது போலவும் கணக்குப் போட்டுக்கொண்ட நம்மேல்தான்.

அதற்கு முன்னால் இன்னொரு கோஷ்டிக்குப் பதில் சொல்லிவிட வேண்டும். "வேலையற்றவர்கள் ஐயா! எங்கேயோ விமானம் இறங்குவதை இங்கே உட்கார்ந்து பார்ப்பதாம்!" என்று சிரிக்கிற கனவான்கள் இருக்கிறார்களே, அவர்களுக்கு. ரயில் பார்ப்பதற்கென்றே சாயங்காலம் ஸ்டேஷன் பக்கம் நடந்தவர்கள் நம் தகப்பனார்கள். அதில் யாருக்கு என்ன நஷ்டம் வந்தது? ஹீத்ரோவிலேயே ஒரு காலத்தில் பொதுஜனங்கள் விமானங்களைப் பார்ப்பதற்கென்று கட்டடம் கட்டி, அதன் மாடியில் தோட்டம் போட்டு வைத்திருந்தார்கள். 1955-இல் திறந்த அந்தக் கட்டடத்துக்கு ராணியின் பெயரையே சூட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை குழந்தை குட்டிகளோடு வந்து, கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு, கீழே நிற்கிற விமானங்களைப் பார்த்துவிட்டுப் போவார்கள். எங்கும் பிரயாணம் போகிறவர்கள் அல்ல, பார்க்க வந்தவர்கள். பிற்பாடு அந்த மாடியில் ஜனங்கள் நிற்க வழியில்லாமல் போயிற்று. 2009-இல் கட்டடத்தையே இடித்துவிட்டார்கள். இன்று உள்ளே போனால் கடைகள் இருக்கின்றன. வாசனைத் திரவியம் இருக்கிறது. டிக்கெட் இல்லாதவன் நின்று விமானத்தைப் பார்க்கிற ஒரு மாடி மட்டும் இல்லை. பார்க்க ஆசைப்படுகிறவன் ஹவுன்ஸ்லோ பக்கம் மிர்ட்டில் அவென்யூ என்கிற தெருவின் கோடியில் ஒரு புல்தரையில் நின்று அண்ணாந்து பார்க்க வேண்டியதுதான். அந்தப் புல்தரைக்கும் வர முடியாதவன் காமிராவில் பார்க்கிறான். பறிபோன மாடியை ஒரு தனி மனிதன் வேன் கூரையில் கட்டிக்கொடுத்தான் என்றால் சிரிக்க என்ன இருக்கிறது?

கிரீஸ் தேசத்தில் கலமாட்டா என்ற ஊரில், 2001-இல், விமானங்களைப் பார்த்து அவற்றின் எண்களைக் குறித்துக்கொண்ட 12 பிரிட்டிஷ்காரர்களையும் 2 டச்சுக்காரர்களையும் ஒற்றர்கள் என்று பிடித்துச் சிறையில் போட்டார்கள். மறுவருஷம் ஏப்ரலில் தண்டனையே விதித்துவிட்டார்கள். நவம்பரில்தான் மேல் கோர்ட்டில் விடுதலை கிடைத்தது. இப்படியும் ஒரு பொழுதுபோக்கு மனிதர்களுக்கு இருக்கும் என்று கோர்ட்டை நம்பவைக்க அத்தனை மாதம் ஆயிற்று. நம் கனவான்கள் அந்தக் கீழ்க் கோர்ட்டுக்கு உறவு போலிருக்கிறது. போகட்டும்.

பார்ப்பது தப்பில்லை. எதைப் பார்க்கிறோம் என்று தெரியாமல் தீர்ப்புச் சொல்வதுதான் தப்பு.

ஹீத்ரோவின் இரண்டு ஓடுபாதைகளும் ஏறக்குறைய நேர் கிழக்கு மேற்காகக் கிடக்கின்றன. புயல் தென்மேற்கிலிருந்து வீசினால் விமானத்தின் இடது தோளில் இடிக்கிறது. நேராக மூக்கை வைத்துக்கொண்டு வந்தால் காற்று விமானத்தை ஓடுபாதையைவிட்டே ஒதுக்கித் தள்ளிவிடும். ஆகையால் விமானி மூக்கைக் காற்றுப் பக்கம் திருப்பிவைத்துக்கொண்டு நண்டு மாதிரிப் பக்கவாட்டில் வருகிறான். ஆங்கிலத்திலும் அதற்கு நண்டுப் பெயர்தான். தரை தொடுவதற்குக் கண நேரம் இருக்கும்போது கால் மிதியை அழுத்தி மூக்கை நேராக்குகிறான். அதே சமயம் காற்று வருகிற பக்கத்து இறக்கை தூக்கிக்கொள்ளாதபடி கையால் தணிக்கிறான். இவ்வளவு குறுக்குக் காற்றில் இயந்திரம் தானாக இறக்கிக்கொள்ளும் என்பதெல்லாம் கிடையாது. மனிதனுடைய கையும் காலும்தான். ஒரு வீச்சு வந்து விமானத்தைத் தூக்கிவிட்டது, அல்லது பக்கவாட்டில் சாய்த்துவிட்டது என்றால் என்ன செய்வது? அதற்கு ஒரே வழி, எஞ்சின்களுக்கு முழு விசை கொடுத்து மேலே போய்விடுவது. 'கோ-அரவுண்ட்' என்கிறார்கள். சக்கரம் தரையைத் தொட்ட பிறகுகூட அப்படிப் போகலாம். எஞ்சினின் எதிர்விசையைத் திறந்துவிட்டால் மட்டும் போகக்கூடாது. அதன் பிறகு நின்றே ஆகவேண்டும்.

2022 ஜனவரி 31 அன்று, யூனிஸுக்கு 18 நாள் முந்தி, காரி என்ற புயலில், அபர்தீனிலிருந்து வந்த பிரிட்டிஷ் ஏர்வேஸின் ஏர்பஸ் ஒன்று ஹீத்ரோவில் இறங்க முயன்றதையும் இதே டையரின் காமிராதான் பிடித்தது. சக்கரம் தொட்டது, விமானம் துள்ளிற்று, ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அப்படியே மூக்கைத் தூக்கிக்கொண்டு, வால் தரையில் உரசிவிடுமோ என்கிற நிலையில் அது மேலே போயிற்று. மறுமுறை வந்து சௌக்கியமாக இறங்கியது. உலகம் முழுக்க அந்தப் படத்தைப் பார்த்தார்கள். என் நண்பரும் பார்த்தார்.

"தப்பிச்சான் ஸார்! இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா போயிருக்கும்" என்றார்.

"அவன் தப்பவில்லை, தப்புவித்தான்" என்றேன்.

"அதென்ன, தரையைத் தொட்ட அப்புறம் இறக்கத் தெரியாதா?"

இந்தக் கேள்விக்கு நான் வாயால் பதில் சொல்லவில்லை. இரண்டு விசாரணை அறிக்கைகளைத்தான் எடுத்துப் படிக்கச் சொன்னேன். இரண்டும் நம் தேசத்து அறிக்கைகள்.

2010 மே 22. துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மங்களூரில் இறங்குகிறது. மலைமேல் மேஜை மாதிரி இருக்கிற விமான நிலையம் அது. புயல் இல்லை, மழை இல்லை. விமானம் இருக்கவேண்டிய உயரத்துக்கு வெகு மேலே இருந்தது. துணை விமானி, மேலேறிப் போய்விடலாம் என்று மூன்று தடவை சொன்னார். எச்சரிக்கைக் கருவியும் கத்திற்று. காப்டன் கேட்கவில்லை, வழியில் நெடுநேரம் தூங்கி விழித்தவர் அவர் என்றும் அறிக்கை சொல்லுகிறது. 8,000 அடி சொச்சம் நீளமுள்ள ஓடுபாதையில் ஏறத்தாழ 5,200 அடி கழிந்த பிறகு சக்கரம் பதிந்தது. எதிர்விசையைத் திறந்தாயிற்று. அதற்கப்புறம்தான் காப்டனுக்கு, மேலே போய்விடலாம் என்று தோன்றியது! 166 பேரில் 158 பேர் போனார்கள்.

2020 ஆகஸ்டு 7. மறுபடியும் துபாய், மறுபடியும் மேஜை மலை, இந்தத் தடவை கோழிக்கோடு. நல்ல மழை. முதல் தடவை இறங்க வந்தபோது, விமானி முறைப்படி மேலேறிப் போய்விட்டார். அன்று யாராவது காமிராவில் பார்த்துக்கொண்டிருந்தால் "பயந்துட்டான்" என்றிருப்பார்கள். அவர் அன்றைக்குச் செய்த சரியான காரியம் அதுதான். இரண்டாம் தடவை எதிர்த் திசையிலிருந்து, காற்று முதுகில் தள்ள, இறங்க வந்தார். விமானம் நிலைகொள்ளவில்லை. துணை விமானி, மேலேறுங்கள் என்று சொன்னார். சொன்னது வீணாயிற்று. பாதி ஓடுபாதை கழிந்த பிறகு தரை தொட்டு, மறுகோடியில் பள்ளத்தில் விழுந்து பிளந்தது. 190 பேரில் 21 பேர் மாண்டார்கள். இரண்டு விமானிகளும் அதில் சேர்த்தி.

மாண்டவர்களைப் பழிப்பதற்காக இதை எழுதவில்லை. பல வருஷம் பறந்த அனுபவசாலிகள் அவர்கள். அனுபவசாலிகளையும் 'இதோ வந்துவிட்டோம், இறக்கிவிடலாம்' என்கிற நினைப்பு எப்படிப் பிடித்து இழுக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன். விமானப் பாதுகாப்புக்காகவே இருக்கிற 'ஃப்ளைட் சேஃப்டி ஃபவுண்டேஷன்' இதை வருஷக்கணக்கில் ஆராய்ந்து 2017-இல் ஒரு அறிக்கை வெளியிட்டது. இறங்க வருகிற விமானங்களில் நூற்றுக்கு மூன்று நான்கு, இருக்கவேண்டிய வேகத்திலும் உயரத்திலும் நிலைகொள்ளாமல் வருகின்றனவாம். விதிப்படி அத்தனையும் மேலேறிப் போகவேண்டும். போவது அவற்றில் நூற்றுக்கு மூன்று! பாக்கி 97 இறங்கிவிடுகின்றன. பெரும்பாலும் ஒன்றும் நேர்வதில்லை என்பதுதான் இதிலுள்ள விஷம். ஒன்றும் நேராததால், அடுத்த தடவையும் இறக்கலாம் என்று கை பழகிவிடுகிறது. மங்களூரிலும் கோழிக்கோட்டிலும் பழகின கை என்ன செய்தது என்று பார்த்தோம்.

பல விமானக் கம்பெனிகள் இதற்காகவே, மேலேறிப் போன விமானியிடம் குற்றம் காண்பதில்லை என்று விதி எழுதி வைத்திருக்கின்றன. செலவாகிற எண்ணெயைப் பற்றிக் கேட்கக்கூடாது; தாமதத்தைப் பற்றிக் கேட்கக்கூடாது. வெட்கம், கௌரவம் என்பவற்றை விமானியின் அறையிலிருந்து எப்படியாவது வெளியேற்றிவிட வேண்டும் என்று படாதபாடு படுகிறார்கள். நாமோ, அதே வெட்கத்தையும் கௌரவத்தையும் காமிரா வழியாகத் திரும்ப உள்ளே அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

"நாங்கள் சொல்வது விமானிக்குக் கேட்கவா போகிறது?" என்பார்கள். நேரில் கேட்காதுதான். ஆனால் புயலன்று எடுத்த படங்களைத் துண்டு துண்டாக வெட்டி, 'மரண பயத்தில் பயணிகள்!', 'நூலிழையில் தப்பிய விமானம்!' என்று தலைப்புப் போட்டு வியாபாரம் செய்கிறார்களே, அதை விமானியின் மனைவி பார்க்கிறாள். பக்கத்து வீட்டுக்காரன் பார்க்கிறான். சக விமானிகள் பார்க்கிறார்கள். மேலேறிப் போன ஒவ்வொரு விமானமும் அங்கே நூலிழையில்தான் தப்புகிறது. நிலைகொள்ளாமல் வந்து, அதிர்ஷ்டத்தால் இறங்கிவிட்டவன் வீராதிவீரன். இந்தத் தலைப்புகளை எழுதுகிறவர்களுக்கு விஷயம் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் எழுதுகிறார்கள். சரியாகத் தீர்மானம் செய்த விமானி என்று தலைப்புப் போட்டால் யார் திறந்து பார்ப்பார்கள்?

இந்த வியாபாரம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2025 ஜூன் 12 அன்று பார்த்தோம். அகமதாபாத்திலிருந்து லண்டன் காட்விக்குக்குக் கிளம்பின ஏர் இந்தியா விமானம், எழும்பின சில விநாடிகளில் தாழ்ந்து, மருத்துவக் கல்லூரி விடுதியின்மேல் விழுந்தது. உள்ளே இருந்த 242 பேரில் ஒரே ஒருவர் பிழைத்தார். கீழே இருந்தவர்களில் 19 பேர் மாண்டார்கள். விமான நிலையத்துக் காமிராவில் அது எழும்பித் தாழ்வது பதிவாகியிருந்தது. அன்று சாயங்காலத்துக்குள் அந்தப் படத்தை எத்தனை தடவை ஓட்டினார்கள்! வட்டம் போட்டார்கள், அம்புக்குறி போட்டார்கள், நிறுத்தி நிறுத்திக் காட்டினார்கள். இறக்கையின் பின்பக்கத் தகடுகளை விரிக்கவே இல்லை, விமானிகள் மறந்துவிட்டார்கள் என்று ஒரு கூட்டம் அடித்துச் சொல்லிற்று. ஒரு மாதம் கழித்து முதற்கட்ட அறிக்கை வந்தது. தகடுகளின் கைப்பிடி 5 டிகிரியில், புறப்படும்போது இருக்கவேண்டிய இடத்தில், ஒழுங்காக இருந்ததாம். எஞ்சின்களுக்கு எண்ணெய் விடும் இரண்டு விசைகளும் ஒரு விநாடி இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்த நிலைக்குப் போயின என்று அறிக்கை சொல்லிற்று. ஏன் போயின என்று அது சொல்லவில்லை. அந்தப் படத்தை ஆயிரம் தடவை பார்த்தாலும் இந்த விசைகள் கண்ணில் படுமா? மறந்துவிட்டார்கள் என்று ஏசினார்களே, அவர்கள் யாராவது அந்த விமானிகளின் குடும்பத்தாரிடம் ஒரு வார்த்தை வருத்தம் சொன்னதாக நான் கேள்விப்படவில்லை.

ஹீத்ரோவுக்கும் இந்த அனுபவம் உண்டு. 2008 ஜனவரி 17 அன்று பீஜிங்கிலிருந்து வந்த போயிங் 777 ஓடுபாதையை எட்டாமல் முன்னாலுள்ள புல்தரையில் விழுந்தது. 152 பேரும் பிழைத்தார்கள். ஆனாலும் காப்டனைப் பற்றி ஊரெல்லாம் வம்பு. ஆராய்ந்து பார்த்ததில், குளிரில் எண்ணெய்க் குழாயில் சேர்ந்த பனிக்கட்டி நகர்ந்துவந்து, எண்ணெயைச் சூடேற்றும் கருவியின் முகப்பை அடைத்ததுதான் காரணம் என்று தெரிந்தது. முடிவான அறிக்கை வெளிவர 2010 ஆயிற்று. வம்புக்கு இரண்டு நாள்கூடத் தேவைப்படவில்லை.

நண்பருக்கு நான் சொல்கிற யோசனை இதுதான்: புயல் இல்லாத ஒரு நாளில் பாருங்கள். உண்மையான அதிசயம் அன்றைக்குத்தான். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1,300 விமானங்கள், இரண்டே ஓடுபாதைகளில். பாவிங்டன், லாம்போர்ன், ஆக்கம், பிக்கின் என்று லண்டனைச் சுற்றி நான்கு இடங்களில் விமானங்கள் அடுக்கடுக்காக வட்டமிட்டுக்கொண்டு காத்திருக்கின்றன. அங்கிருந்து ஒவ்வொன்றாக எடுத்து ஒரே வரிசையில் கோத்துவிடுகிறார்கள். முன்னே போகிற விமானம் காற்றில் கிளப்பிவிட்ட சுழல் பின்னே வருவதைப் புரட்டிவிடாதபடி இடைவெளி விடவேண்டும். முன்பெல்லாம் அந்த இடைவெளியை மைல் கணக்கில் வைத்திருந்தார்கள். எதிர்காற்று பலமாக இருந்தால் விமானங்கள் மெள்ள ஊர்ந்து, வரிசையே தாமதப்படும். 2015-இல் அதை நேரக் கணக்காக மாற்றினார்கள். மேற்குக் காற்று நாட்களில் சாயங்காலம் 3 மணிக்கு, அதுவரை ஒரு ஓடுபாதையில் இறங்கிக்கொண்டிருந்த வரிசை அடுத்த ஓடுபாதைக்கு மாறுகிறது. எதற்காக? கீழே குடியிருக்கிறவர்களுக்கு அரை நாளாவது காது ஓயட்டும் என்று. காமிராவில் சப்தத்தைக் குறைத்துவைத்துக்கொண்டு பார்க்கிற நமக்கு அந்த வீடுகளின் ஞாபகமே வருவதில்லை. இதையெல்லாம் தெரிந்துகொண்டு பார்த்தால் ஒரு மணி நேரம் போவது தெரியாது. யாரும் விழவேண்டியதில்லை, யாரும் தப்பவேண்டியதில்லை.

அப்படிப் பார்த்துக்கொண்டிருக்கையில் என்றைக்காவது ஒரு விமானம் இறங்காமல் மேலே போகும். ஆயிரத்துக்கு ஒன்று, இரண்டு, மிஞ்சினால் மூன்று. முன்னால் இறங்கினது ஓடுபாதையை விட்டு விலகச் சற்றுத் தாமதித்திருக்கலாம், காற்று திரும்பியிருக்கலாம். சக்கரங்கள் மடங்கி உள்ளே போவதைக் கவனியுங்கள். அடுத்த ஊருக்குப் போய் இறங்குவதற்கும், அதற்குமேல் அரைமணி நேரம் வட்டமிடுவதற்கும் வேண்டிய எண்ணெய் அதில் இருக்கிறது. இப்படி ஒரு நேரம் வரும் என்று புறப்படும்போதே கணக்குப் பண்ணி ஊற்றியது. அது வரிசையின் வாலில் போய்ச் சேர்ந்துகொண்டு, கொஞ்ச நேரத்தில் திரும்பி வரும்.

நானும் ஒரு தடவை அப்படி மேலேறிப் போன விமானத்துக்குள் இருந்திருக்கிறேன். அடுத்த விமானத்தைப் பிடிக்க வேண்டிய ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, உரக்க அலுத்துக்கொண்டார். இரண்டு மூன்று பேர் அவரை ஆமோதித்தார்கள். சற்றைக்கெல்லாம் ஒலிபெருக்கியில் விமானி பேசினார். குரல் தணிந்து, குற்றம் செய்தவன் சமாதானம் சொல்வது போலிருந்தது. பிரயாணிகள் மன்னிக்கவேண்டும் என்று இரண்டு தடவை சொன்னார். எதற்காக ஐயா?